டேப்பக்காவின் அளவு நோட்டு

அந்தத் தோப்பில் எல்லோரும் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தேங்காய் பொறுக்க வந்தவள். தென்னைகளுக்கு நடுவே நின்ற பழமரங்களை அளக்க ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்த அன்று, டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று இவளை அழைத்தார். பிடித்தவள் பதினொரு வருடம் விடவில்லை.

மாவிலும் சப்போட்டாவிலும் நெஞ்சுயரத்தில் வெள்ளைப் பெயின்ட் வளையம் இருக்கும். அதன்மேல் டேப்பைச் சுற்றி அளந்து, மரத்தின் நம்பரோடு நோட்டில் எழுத வேண்டும். தென்னை பருக்காது, அதற்கு உயரம் மட்டும். பிறகு மண்ணைத் துளைத்தெடுத்து, பையில் கட்டி, நம்பர் எழுத வேண்டும். காற்றிலிருக்கும் கரியை, அதாவது கார்பனை, மரம் இழுத்துத் தன் உடம்பில் வைத்துக்கொள்கிறது, உதிரும் இலை வழியாக மண்ணுக்கும் இறக்குகிறது என்று ஆராய்ச்சிக்காரர் சொல்லியிருந்தார். வெறும் தென்னை நிற்கும் பக்கத்துத் தோப்பைவிட இங்கே எவ்வளவு அதிகம் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

அவள் கணவன் தென்னையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து வீட்டோடு இருந்தான். "மரத்தைக் கட்டிப்பிடிக்கச் சம்பளம் வாங்குறவ உலகத்துலேயே நீ ஒருத்திதான்" என்பான்.

"உன்னைக் கட்டிக்கிட்டதுக்கு எவன் குடுத்தான்?" என்பாள் அவள்.

ஆராய்ச்சி முடிந்தது. பக்கத்துத் தோப்பைவிட இங்கே கரி ஏறக்குறைய இரண்டு பங்கு என்றார்கள். முதலாளிக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். படம் எடுத்தவர், "நீங்க கொஞ்சம் தள்ளிக்குங்கம்மா" என்றார். தள்ளிக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டனுப்பினார். பக்கத்தில் மரக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"பழமரத்தை எல்லாம் எடுத்துடலாம்னு இருக்கேன். பறிக்க ஆள் கிடைக்கல. ஒவ்வொரு மரமும் எவ்வளவு பருமன்னு உன் நோட்டுல இருக்குல்ல?"

"அது ஆராய்ச்சிக்கு எடுத்தது முதலாளி."

"அதுதான் முடிஞ்சுபோச்சே. அளவு அளவுதானே."

அவளும் கணவனும் குடியிருந்தது முதலாளியின் தோப்பு வீட்டில். அவள் வெளியே வந்து ஆராய்ச்சிக்காரருக்குப் போன் போட்டாள். அவர், "நிலம் முதலாளியோடதும்மா. என் கையில என்ன இருக்கு?" என்றார்.

மறுநாள் காலையில் நோட்டை விரித்துக்கொண்டு மரக்கடைக்காரரோடு வரிசை வரிசையாக நடந்தாள். முதல் மூன்று மரங்களை அவரும் டேப் போட்டுப் பார்த்தார். அதன்பின் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "நூல் பிசகலம்மா உங்க அளவு. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

பதினொரு வருடத்தில் அவள் வேலையை ஒருவர் பாராட்டியது அன்றுதான்.

நாற்பத்தேழாம் நம்பர் மாமரம் வந்தபோது குறைத்துச் சொல்லலாமா என்று நினைத்தாள். இளம் மரம், பருமன் போதாது என்று விட்டுவிடுவார். வாயைத் திறந்தாள். சரியான அளவுதான் வந்தது. பொய் அளவு அவளுக்குப் பழக்கமில்லை.

எட்டு நாள் ரம்பம் ஓடியது. அடிமரங்கள் பெட்டி செய்யப் பலகையாகப் போயின. கிளைகள் செங்கல் சூளைக்கு. பதினொரு வருடமாக அவள் எழுதிவைத்த கரியில் நல்ல பங்கு அந்த மாதமே புகையாகப் போயிருக்கும். வீட்டில் கணவன் அதைப் பற்றிக் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அடுத்த கோடையில் ஆராய்ச்சிக்காரர் போன் செய்தார்.

"ஆராய்ச்சிக் கட்டுரையைப் போட இன்னும் ஒரு வருஷத்து அளவு வேணும்னு பத்திரிகையில கேக்குறாங்கம்மா."

"மரமே இல்லையே ஐயா."

"தெரியும். நின்னிருந்தா இந்த வருஷம் எவ்வளவு பருத்திருக்கும்னு உனக்குக் கண்ணு மூடிக்கிட்டே தெரியும்ல? அதைச் சொல்லு போதும்."

"சூளையில கேளுங்க ஐயா" என்று வைத்துவிட்டாள்.

கட்டுரை அச்சாகி முதலாளிக்கு ஒரு பிரதி வந்தது. பன்னிரண்டாவது வருடத்துக்கும் அளவு இருந்தது என்று முதலாளியின் டிரைவர் சொன்னார். அவள் மட்டை உரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். யார் அளந்தது என்று கேட்கவில்லை. அடுத்த தேங்காயைக் கம்பியில் குத்தினாள்.