எதிர்வீட்டுப் பயணி

தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த கணேசமூர்த்திக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. 1974இல் அமெரிக்காவிலிருந்த மகனைப் பார்க்கக் கிளம்பினார். விமானம் ஏறும் நாள் சரியில்லையென்று, முன்னதாகவே நல்ல நேரத்தில் பெட்டியோடு எதிர்வீட்டுக் கருணாகரனிடம் போய்ப் பரஸ்தானம் இருந்தார். அதாவது, சாத்திரப்படி பயணம் தொடங்கியாயிற்று.

மறுநாள் டிராவல் ஏஜென்ட் அங்கேயே தேடி வந்தார். “சார், நடுவுல ஒரு நாட்டுல ராத்திரி தங்கி பிளேன் மாறணும். ஏர்போர்ட்டை விட்டு வெளிய போய் ஓட்டல்ல படுக்கணும்னா அந்த நாட்டு விசா வேணும். வர ஒரு வாரம் ஆகும். டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுடலாமா?”

சரியென்று தலையாட்டிவிட்டுக் கணேசமூர்த்தி தன் வீட்டுக்கு நடந்தார். வாசலிலேயே மனைவி சண்முகவடிவு மறித்தாள்.

“புறப்பட்டவுக திரும்பப் படியேறக் கூடாது. விசா வார வரைக்கும் அங்கனயே இருங்க. சோறு கொடுத்து விடுதேன்.”

கருணாகரன் வீட்டு வராந்தாவில் அவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். எதிரே அவர் வீட்டு வாசலில், அவருடைய சாய்வு நாற்காலியில் மைத்துனர் காலை நீட்டிக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“விசா வேண்டாம்யா,” என்றார், இன்னும் அங்கேயே காத்திருந்த ஏஜென்டிடம். “ராத்திரி பூரா ஏர்போர்ட்லயே உக்காந்துக்கிடுதேன்.”

“கஷ்டம் சார். வெளிய கால் வைக்க வுட மாட்டாங்க.”

“இருக்கட்டும். அங்கன உக்காந்து பாத்தா எம் வீடு தெரியாதுல்லா?”