கூடாரத்துக்கு வெள்ளையண்ணன் காட்டிய இடம்

மலையில் அமிர்திக்கு மேலே, ஆற்றோரத்து வெள்ளையன் அண்ணன் இன்று காலை நம்மை விட்டுப் போய்விட்டார். அவர் மகன் முருகன் ஃபோன் செய்தபோது பல் துலக்கிக்கொண்டிருந்தேன்... பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டேன்.

நான் போடும் டென்ட், அருவி, ஆறு படங்களுக்கு லைக் போடுகிற அத்தனை பேரும் இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். என்னோடு மலைக்கு வந்து நீங்கள் படுத்துத் தூங்கினீர்களே, அது அவர் ஒதுக்கிக் கொடுத்த இடம்.

எழுபதுகளின் கடைசி. வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட், என் நண்பன் செல்வராஜ் குமாஸ்தா. சனிக்கிழமை மதியம் ஆபீஸ் விட்டதும் இரண்டு பேரும் மலைக்குப் பஸ் ஏறிவிடுவோம்.

கையில் ஒரு பழைய லாரி தார்ப்பாய், பன்னிரண்டு இரும்பு முளை, ஒரு சுத்தியல். தைரியத்துக்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

அன்றைக்கு ஆற்றோரமாக நடந்தால் எங்கு பார்த்தாலும் பாறை, கூழாங்கல். ஒரு மேட்டில் மட்டும் வட்டமாக, சமமாக, மெழுகிவிட்டது போல ஓர் இடம்.

"நமக்குன்னே பண்ணி வெச்சிக்கீறாங்கடா" என்றேன். பன்னிரண்டு முளையையும் நானே அடித்தேன். நடுவில் மூன்று கல்லைக் கூட்டி டீயும் போட்டோம்.

ஞாயிறு காலை, தலையில் கதிர்க்கட்டோடு ஓர் ஆள் வந்து நின்றார். என்னை விட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். டென்டைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், கடைசியில் என் காலைப் பார்த்தார்.

"மொதல்ல செருப்பக் கழட்டுங்க. இது களம்."

களம்... கதிரடிக்கிற இடம். மண்ணை இடித்து, சாணி மெழுகி, ஒரு வாரமாகக் காய வைத்திருந்தார்களாம். அந்த வீட்டின் ஒரு வருஷத்துச் சாமையும் அறுத்துப் பக்கத்திலேயே போராகக் கிடந்தது. அதை நாங்கள் வைக்கோல் என்று நினைத்துவிட்டோம்.

சாமை கடுகு மாதிரி சின்ன தானியம். ஒரு முளைக்குழிக்குள் ஒரு கைப்பிடி காணாமல் போய்விடும். நான் பன்னிரண்டு குழி போட்டிருந்தேன். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

பின்னாலேயே அவர் மனைவி காசியம்மா அண்ணி வந்தார். "கண்ணு இன்னா பொடனியிலயா கீது இவங்களுக்கு?" என்று ஆரம்பித்தார்... நியாயமான திட்டுதான்.

அண்ணன் திட்டவில்லை. "திட்னா குழி மூடிக்குமா? வுடு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, ஒரு கூடையை என் கையில் கொடுத்தார். "ஆத்துல களிமண்ணு கீது. எடுத்துனு வா பாய்."

களிமண் சுமந்தோம், குழி அடைத்தோம், இடித்தோம். சாணியைக் கையால் தொடுவேன் என்று அதுவரை நான் கனவிலும் நினைத்ததில்லை. அது காய்வதற்குள் தூறல் விழுந்துவிட்டது.

போர் நனைந்தால் கதிரெல்லாம் முளைத்துவிடும். வீட்டுக்குச் சுமந்து சேர்க்க நேரமில்லை. அண்ணி பேச்சை நிறுத்திவிட்டு வானத்தையே பார்த்தார்.

தார்ப்பாயைப் பிரித்துப் போர் மேல் இழுத்தோம். நாலு பேர், நாலு மூலை. அதே பன்னிரண்டு முளையை இந்தத் தடவை அண்ணன் காட்டிய இடத்தில் அடித்தேன்.

சாயங்காலம் வரை கொட்டித் தீர்த்தது. மெழுகியதெல்லாம் கரைந்து போனது, ஆனால் போரில் ஒரு கதிர் நனையவில்லை. தார்ப்பாயை அங்கேயே விட்டுவிட்டு ஈரச் சட்டையோடு பஸ் ஏறினோம்.

மூன்று வாரம் கழித்துப் போனால் சாமை வீடு சேர்ந்திருந்தது, தார்ப்பாய் மடித்துத் தயாராக இருந்தது. அண்ணன் எங்களை ஆற்று வளைவுக்குக் கூட்டிப் போனார். தண்ணீர் ஏறாத ஒரு மேட்டில், கல்லெல்லாம் பொறுக்கிப் போட்டு, ஒரு டென்ட் அளவுக்குச் சமன் செய்து வைத்திருந்தார்.

"இது உங்க எடம். இங்க எத்தினி மொளை வேணா அடிச்சிக்கோ பாய்."

பிறகு எண்பதுகளில் வேலூர், மெட்ராஸ் என்று ஆட்கள் வந்தார்கள். ஒரு டென்ட் இடம் ஏழெட்டு ஆனது. எங்கே அடிக்கலாம், எந்த மடுவில் இறங்கலாம் என்பதெல்லாம் அண்ணன் சொல்வதுதான் சட்டம்.

ஒரு காலேஜ் பையன் பெரிய மடுவைக் காட்டி ஆழம் எவ்வளவு என்று கேட்டான். "ஒனக்கு ஆவாத ஆழம்" என்றார். அவன் கரையிலேயே உட்கார்ந்து சோப்புப் போட்டுக்கொண்டான்.

என் நிக்காஹ்வுக்கு ஒரு மூட்டைப் புளியோடு வந்தார். தெருவில் பந்தலுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். என்னை ஓரமாகக் கூப்பிட்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்.

"இது யாரு களம் பாய்? கேட்டுட்டுத்தான் தோண்றீங்களா?"

மாப்பிள்ளைக் கோலத்தில் நான் சிரித்த சிரிப்பில் மாமனார் வீட்டார் பயந்துபோனார்கள்.

காலையில் முருகன் ஃபோனை வைக்கும் முன் ஒன்று கேட்டான். "மேல ஒரே மழை பாய். வர்றவங்க ஒதுங்க எடமில்ல. டென்ட் இருந்தா எடுத்துனு வர்றீங்களா? நம்ம களத்துலயே அடிச்சிரலாம், சமமா கீது."

"களத்துல வேணாம்பா" என்றேன். "டென்டுக்கு உங்கப்பா எடம் காட்டிட்டுத்தான் போயிருக்காரு."

ஃபோனை வைத்துவிட்டு நான் அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை.

நாலு டென்டையும் வண்டியில் ஏற்றிவிட்டேன். இதோ கிளம்புகிறேன்.

வர்றேன் அண்ணே... செருப்பக் கீழயே கழட்டிடறேன்.