கால் நீட்ட ஒரு படகு

ஸ்ரீஸ்கந்தராசா அண்ணை படகு வாங்கப் போகிறார் என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாழ்ப்பாணத்துத் தமிழன், யுத்த காலம், கொழும்பில் படகு!

"உங்களுக்கென்ன விசரோ அண்ணை?"

"வீடுதானே தரமாட்டினம்? தண்ணியில இருக்கிறன்."

வெள்ளவத்தையில் ஒரே அறையில் ஐந்து பேர் கிடந்தோம். அண்ணை நெடிய ஆள், முழங்காலை மடக்கித்தான் படுப்பார். துறைமுகத்தில் கப்பல், படகு வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் இல்லை. கொட்டாஞ்சேனையிலும் கிருலப்பனையிலும், பொலிஸ் சோதனை வந்த கையோடு வீட்டுக்காரர் அவரை வெளியேற்றிவிட்டார்கள். இப்போது இந்த வீட்டுக்கார இரத்தினம்மா அக்காவும் அவரிடம், "பொலிஸ் நெடுக வருது, வேற இடம் பாருங்கோ" என்று சொல்லிவிட்டா. அறுபது வயதில் சூட்கேசோடு மனிதர் எங்கே போவார்?

தனியே விட மனமில்லாமல், கொழும்புக்கு வெளியே பொல்கொடை ஏரிக்கு நானும் போனேன். படகு விற்கிற பேர்னாட் முதலில் காட்டியது நல்ல வடிவான பாய்ப்படகு. அண்ணை குனிந்து அடியைப் பார்த்தார்.

"உது ஆழம் கேக்கும். ஏரிச் சேத்தில குந்தியிடும்."

அடுத்தது பெயின்ட் உரிந்த தட்டை அடிப் படகு. தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையைத் தூக்கிவிட்டால் முழங்கால் தண்ணீரிலும் மிதக்கும். பாய்க் கயிறெல்லாம் சுக்கானடிக்கே வருவதால் ஒருவனே இருந்தபடி ஓட்டலாம். எஞ்சின் இல்லை, சத்தமும் இல்லை. உள்ளே ஒரு பலகைக் கட்டில். அண்ணை அதில் ஏறிப் படுத்தார். கால் எங்கேயும் முட்டவில்லை.

"சிவானந்தன், இஞ்ச பாரடா! இஞ்ச பார்!"

மனிதர் சிரித்தார். கண்ணால் தண்ணீர் ஓடியது. ஏச வந்த நானே பேர்னாட்டிடம் விலை கேட்டேன்.

"இதுதான் வேணும்" என்றார் அண்ணை.

பேர்னாட் தலையைச் சொறிந்தார். "பொலிஸ்ல ஒரு கடிதம் எடுத்திட்டு வாங்க. இல்லாட்டி நானும் மாட்டுவேன்."

மீன்பிடிக்க என்று மட்டும் சொல்லுங்கோ என்று வழி முழுக்கக் கெஞ்சினேன். கேட்டால்தானே! வாழ்நாளில் பொய் சொல்லாத மனிதராம். பொலிஸ் நிலையத்தில், ஏன் இந்தப் படகு என்று அதிகாரி கேட்டதுதான் தாமதம், அந்தப் படகைத் தான் வரைந்த படத்தை மேசையில் விரித்துவிட்டார். துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் ஆசை ஆசையாக விளக்கினார். ஆழமில்லாத தண்ணீர் போதும். தனி ஆள் போதும். சத்தமே வராது. அதிலேயே இருப்பேன், வீட்டு இலக்கம் கிடையாது.

பின்னால் நின்று சேர்ட்டைப் பிடித்து இழுத்தேன். தன் வாயாலேயே கெட்டார் மனிதர்.

அதிகாரி பேனையை வைத்தார். "ஆழமில்லாத கரைக்கு, தனியாக, சத்தமில்லாமல்?" என்று ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். "யாரைக் கொண்டுவந்து இறக்க?" பிறகு என்னை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

கிழமைக்கணக்கில் எத்தனையோ பேரின் காலைப் பிடித்த பிறகுதான் சிறையில் அண்ணையைப் பார்க்க விட்டார்கள். கம்பிக்குள்ளே நெருக்கி அடைத்த கூட்டம். படுக்க இடமில்லாமல், முழங்கால் நெஞ்சில் இடிக்கக் குந்தியிருந்தார்.

என்னைக் கண்டதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எப்போது விடுவார்கள் என்று அவர் கேட்கவில்லை.

"தம்பி, அண்டைக்கு நான் கால் நீட்டிப் படுத்தனான். நீ பாத்தனிதானே?"

"ஓம் அண்ணை" என்றேன். "பாத்தனான்."