மழைக்கு மெதுவாகும் மெசின்

என் தங்கச்சி மகளின் காதுகுத்து இரண்டு தடவை தள்ளிப்போனது. இரண்டுக்கும் காரணம் நான்தான். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமனோ வரக்காப்பொல பக்கம் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் குளிர் மெசின் அறையில் கிடந்தான். ஆர்டர் குவிந்த மாதங்கள், ஞாயிறும் வேலை. தெஹியோவிட்டவுக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மூன்று பஸ் மாற வேண்டும். "இந்த வாட்டியும் வராட்டி அந்த மெசினையே மடியில வச்சுக்குங்க அண்ணே" என்று தங்கச்சி போனில் பொரிந்து தள்ளினாள்.

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? தையல் கூடத்தைக் குளிர வைக்கும் தண்ணீர் அந்த மெசினில்தான் குளிராகும். உள்ளே ஒரு சக்கரம் சுழன்று வாயுவை அமுக்கும். எப்போதும் ஒரே வேகம். குறைந்த குளிர் போதுமென்றால், வாயு நுழையும் இடத்திலுள்ள இதழ்களைக் கொஞ்சம் மூட வேண்டும். ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே பிரேக்கையும் பிடிக்கிற கதைதான். எங்கள் மெசினில் அந்த இதழ்கள் தானாக அசைவதை நிறுத்தி வெகுகாலம். நான்தான் கையால் திருப்புவேன். அதிகம் மூடினால் வாயு பின்னால் புரண்டு, மெசின் வயிற்றுவலி வந்த மாடு மாதிரி கத்தும். வேறு யாரையும் நான் தொட விட்டதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

அப்போதுதான் ஓர் இளம் சிங்கள எஞ்சினியர் அம்மா, மோட்டாரின் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியைக் கொண்டுவந்து பூட்டினார். இதழ்களையும் பழுது பார்த்து அதனுடன் இணைத்தார். "நாளைக்கு முழுநாளும் யாரும் தொடாமல் ஓடினால், ஞாயிறு உங்களுக்கு லீவு. அய்யே, அல்லன்ன எப்பா!" என்றார். அண்ணே, தொடவே கூடாது என்று சிங்களத்தில் கட்டளை.

மறுநாள் மத்தியானம் வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூடத்தில் தைக்கும் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் சத்தம் இறங்கியது. பிறகு மழை பிடித்தது. சத்தம் இன்னும் இறங்கி, முனகலாகிவிட்டது. இத்தனை வருடம் ஒரே சத்தத்தைக் கேட்ட காது அல்லவா! மெசின் சாகிறதென்று நினைத்து, பாய்ந்துபோய் சுவிட்சைக் கைமுறைக்கு மாற்றி முழு வேகத்தில் விட்டேன்.

எஞ்சினியர் ஓடிவந்து தண்ணீரின் சூட்டுமானியைக் காட்டினார். நான் கைவைக்கும் வரை ஊசி இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்திருக்கிறது. மழையில், மெசினின் சூட்டை வாங்கி வெளியேற்றும் வெளிக்கோபுரத்துத் தண்ணீர் குளிர்ந்துவிட்டால் வாயுவை அவ்வளவு அமுக்கத் தேவையில்லை. அதனால்தான் வேகம் குறைந்தது. வெயிலென்றால் வேகத்தை ஓரளவுக்கு மேல் குறைய விடாமல் இதழ்களையும் அளவாக மூடுமாம். "மெசின் பாஸ், அய்யே. நீங்கதான் ஃபெயில்" என்று சிரித்தார். எனக்கு வெட்கமும் கோபமும் ஒன்றாக வந்தன.

அடுத்த நாள் சோதனை எனக்குத்தான். அறையைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். நான் கேன்டீனில் உட்கார்ந்து பிளேன்டீயாகக் குடித்துத் தீர்த்தேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் மெசின் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தது. சந்தோசத்தில் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அதற்கும் "அல்லன்ன எப்பா!" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், மருமகள் என் மடியில் இருந்தாள். ஆசாரி ஊசியை எடுக்கும் நேரம் பார்த்துத் தகரக் கூரையில் மழை கொட்டியது. என்னையறியாமல், "இப்ப வேகம் கொறஞ்சிருக்கும்" என்றேன்.

தங்கச்சி முறைத்தாள். "அது நீங்க இல்லாமலே ஓடுதுல்ல? இவளுக்குக் காது குத்தத்தான் நீங்க இல்லாம முடியாது. புள்ளையக் கெட்டியாப் புடிங்க."

பிடித்துக்கொண்டேன். குழந்தை வீரிட்டு அழுதாள், எல்லோரும் சிரித்தார்கள். மடியில் அவளை வைத்துக்கொண்டு நானும் அழுதேன், அவ்வளவு சந்தோசம் எனக்கு.