ஆணி வைத்த ஜாக்கெட்டும் வாப்பாவின் தொழுகை விரிப்பும்

உம்மாவின் தம்பி, என் மாமா, விசிட் விசாவில் வந்து துபாய் தேராவில் எங்கள் ஃபிளாட்டில் தங்கியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை காலை கறுப்பு ஜாக்கெட் ஒன்றைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். தோளிலும் கையிலும் கூரான வெள்ளி ஆணிகள். வெளியே ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். ஆள் நனைந்த கோழி மாதிரி இருந்தார், முகத்தில் மட்டும் பெருமை தாங்கவில்லை.

"ஒரிஜினல் லெதராக்கும்" என்றார் என்னிடம். வெளிநாட்டில் பைக் ஓட்டுகிறவர்கள்தான் முதலில் இப்படித் தாங்களே ஆணி அடித்துக்கொண்டார்களாம். பிறகு பாட்டுக்காரப் பிள்ளைகள், பெரியவர்கள் முகம் சுளிக்கட்டும் என்றே போட்டார்களாம். இப்போது பணக்காரர்கள் பெரிய கடைகளில் வாங்குகிறார்களாம். சொல்லிவிட்டு அதைக் கழற்றி, ஈரத்தோடு, வாப்பாவின் தொழுகை விரிப்பின் மேல் போட்டுவிட்டுக் குளிக்கப் போனார்.

ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பிய வாப்பா பார்த்துவிட்டார். பன்றித்தோலில் மூன்று மூன்று புள்ளியாக இருக்கும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் ஆணிகளுக்கு நடுவே குனிந்து தேடினேன். தேடத் தேட எல்லாமே மூன்று மூன்றாகத்தான் தெரிந்தது.

குளித்து வந்த மாமாவிடம் வாப்பா குரலை உயர்த்தவில்லை. "மச்சான், தொழுதுட்டு வர்றதுக்குள்ள இது என்ன தோலுன்னு தெரியணும். பன்னின்னா அதுவும் இங்க இருக்காது, நீயும் இருக்க மாட்டே. டிக்கெட் போட்டுடுவேன்."

மாமா தலையைக் குனிந்தபடி வாப்பாவின் பின்னால் பள்ளிவாசலுக்குப் போனார்.

"சந்தேகம்னு வந்துட்டா சுத்தம் பண்ணிடணும்" என்றார் உம்மா. எங்கள் ஷாஃபி வழக்கத்தில் பன்றி பட்டதை ஏழு முறை கழுவவேண்டும், அதில் ஒரு முறை மண்ணோடு. ஐந்தாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? கறிவேப்பிலைத் தொட்டியைக் கிளறி ஒரு கைப்பிடி கொண்டுவந்தேன். செடி சாய்ந்துவிட்டது, உம்மா கண்டுகொள்ளவில்லை. பால்கனியில் உட்கார்ந்து ஸலவாத் ஓதியபடியே விரிப்பைக் கழுவினார். மாமாவை அனுப்பிவிடுவார்களோ என்று எனக்கு அழுகை முட்டியது.

பிறகு உம்மா கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு ஜாக்கெட்டைத் தூக்கினார். அக்குள் பக்கம் கறுப்பு, செதில் செதிலாக உதிர்ந்தது. அடியில் வெள்ளை வலைத்துணி. ஏற்கெனவே உரிந்த இடங்களில் கறுப்பு மார்க்கரால் தீட்டியிருந்தது. உம்மா பையை உருவிப் போட்டுவிட்டு வெறுங்கையால் தடவிப் பார்த்தார்.

"பன்னியா உம்மா?"

"ரெக்சின். பஸ் சீட்டுல தைப்பாங்களே, அது."

"மாமாகிட்ட சொல்லுவோமா?"

"அவனுக்குத் தெரியும். நீ வாயைத் திறக்காதே." உரிந்த பக்கம் உள்ளே போகும்படி மடித்து மாமாவின் பெட்டியில் வைத்தார்.

வாப்பா செருப்பைக் கழற்றும்போதே கேட்டார். "பன்னி இல்லை. அல்லாஹ் அறிய எனக்கு நிச்சயமாத் தெரியும்" என்றார் உம்மா.

"பின்னே என்ன, மாடா ஆடா?"

"சோறு ஆறுது, உட்காருங்க."

உம்மா அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிவிட்டால் வாப்பா மேலே கேட்கமாட்டார். பின்னால் நின்ற மாமா உம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமா காலையிலேயே ரெக்சின் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அத்தனை பயமும் தீர்ந்திருக்கும். ஊருக்குத் திரும்பவும் துணிந்தவர் அந்தச் சொல்லை ஏன் விழுங்கினார், பொய்யே பேசாத உம்மா உண்மையில் பாதியை ஏன் மறைத்தார் என்றெல்லாம் அன்று எனக்கு விளங்கவில்லை. பயம் போனதும் பசிதான் தெரிந்தது. மீன் ஆணத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன்.