ருக்மிணி அம்மாளின் எட்டு எலுமிச்சம்பழங்கள்

பிரபா இரண்டாவது செருப்பைக் கழற்றுவதற்குள் ருக்மிணி அம்மாள் வாசற்படிக்கு வந்துவிடுகிறார். கையில் பாதி நார் எடுத்த அவரைக்காய். "என்னடி கேட்டான்?" என்பதுதான் முதல் வார்த்தை. பரீட்சை எப்படி இருந்தது, சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா என்பதெல்லாம் பிறகு. பல நாட்களில் அந்தப் பிறகு வருவதே இல்லை.

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடையது. மாடி அறையைச் சாஃப்ட்வேர் வேலை தேடி வரும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்; பிரபா அவர்களில் ஒருத்தி. இந்தக் கம்பெனிகள் படித்த பாடத்தில் கேள்வி கேட்பதில்லை. புதிர் போடுகின்றன. ஆற்றைக் கடக்க வேண்டும், விளக்கு ஒன்றுதான் இருக்கிறது என்பது போல. கேள்வித்தாளையும் திரும்ப வாங்கிக்கொண்டு விடுகிறார்கள். ஆகவே அந்த வீட்டில் ஒரு விதி உண்டு. எந்தப் பரீட்சைக்குப் போனாலும், அங்கே கேட்ட புதிர்களை மனத்தில் ஏந்திக்கொண்டு வந்து வாசலிலேயே ஒப்பிக்க வேண்டும். மறுநாள் காலைக் காபியோடு விடை கிடைக்கும். இதைத் தர்மம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பசித்தவன் இலையைப் பார்ப்பது போலத்தான் அவர் அந்தப் பெண்களைப் பார்க்கிறார்.

காலையில் வரும் ஆங்கிலப் பத்திரிகையின் குறுக்கெழுத்தை அவர் பேனாவால்தான் நிரப்புகிறார். பென்சில் எடுப்பது தோல்வியை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதாம். கணவர் சுப்ரமணியன் தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பத்திரிகை கிடைக்கும்போது கட்டங்கள் நிறைந்திருக்கும், செய்தி பழையதாகியிருக்கும். தமிழ் வார இதழை அம்மாள் காசு கொடுத்து வாங்குவதில்லை. மார்க்கெட் பக்கத்துக் கடையில் நின்றபடியே குறுக்கெழுத்தை மனத்துக்குள் முடித்துவிட்டு இதழைத் தொங்கவிட்ட இடத்திலேயே மாட்டிவிடுகிறார். முடிந்ததா என்று கடைக்காரர் கன்னடத்தில், "ஆயித்தாம்மா?" என்று கேட்பார். "ஆயித்து. இந்த வாரம் ரொம்ப சுலபம்பா, பத்திரிகைக்காரனுக்கு உடம்பு சரியில்லை போல" என்று பதில் வரும்.

எங்கள் தெருக்கோடியில் இருந்த சந்திரசேகரன் இறந்த அன்று துக்கம் கேட்க எல்லோரும் போயிருந்தோம். அவர் கடைசியாக உட்கார்ந்திருந்த நாற்காலியில் காலைப் பத்திரிகை மடித்துக் கிடந்தது, குறுக்கெழுத்து பாதி நிரம்பி. ருக்மிணி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "பாவம், பதினாலு குறுக்கே தப்பாப் போட்டுட்டுப் போயிட்டார் சார்" என்றார். நான் திகைத்தேன். அவர் கண்ணில் இருந்த நீர் உண்மையானது. அதுதான் என்னை இன்னும் அதிகமாகத் திகைக்க வைத்தது.

ஆனால் அந்தத் திகைப்பு ஒன்றுமே இல்லை என்று இந்த ஆடி மாதம் காட்டிவிட்டது.

பிரபா பவானியிலிருந்து வந்தவள். தறி வைத்திருக்கும் அவள் அப்பா பழனிச்சாமி வாரம் ஒரு முறை ருக்மிணி அம்மாள் வீட்டு ஹாலில் இருக்கும் தொலைபேசிக்குப் பேசுவார். ஊருக்கும் பெங்களூருக்கும் இடையே உள்ள தூரத்தைக் குரலாலேயே கடந்துவிட நினைப்பவர் போலக் கத்துவார். எங்கள் வீட்டுக்கே கேட்கும். "ஆடி முடியற வரைக்கும்தான் அம்மிணி. அதுக்குள்ள வேலை ஆகலீன்னா பொட்டியக் கட்டிக்கோ. ஆவணியில அவிய வந்து கேக்கறாங்க, நான் என்னன்னு சொல்றது?" பிரபா, "செரிங்கப்பா, செரிங்கப்பா" என்று மட்டும் சொல்வாள். அவிய என்பது மாப்பிள்ளை வீட்டார். அவள் அந்த மாப்பிள்ளையைப் பற்றி வாய் திறந்ததில்லை. மாடிக்குப் போய்ப் புதிர்ப் புத்தகத்தைத் திறந்துகொள்வாள்.

ஆனி மாதத்தில் அவள் ஒரு பரீட்சையிலிருந்து இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்தாள்: பார்வைக்கு ஒரே மாதிரியான எட்டு நாணயங்கள். அதில் ஒன்று போலி. போலியின் எடை வேறு. தராசில் இரண்டே முறை நிறுத்துப் போலியைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ருக்மிணி அம்மாள் எட்டு எலுமிச்சம்பழங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். நான்கு நான்காகப் பிரித்தார், மூன்று மூன்றாகப் பிரித்தார். அந்த வாரம் முழுவதும் அந்த மேஜையில் யாரும் சாப்பிடவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுப்ரமணியன் சொன்னார்: "ருக்கு, அதுல ஒண்ணைப் பிழிஞ்சு ரசம் வெச்சுடேன். ஏழாயிட்டா கணக்கு சுலபமாயிடுமே."

"சும்னிரீ, சும்மா இருங்கோ! ஏழுக்கும் வராது. பாத்துட்டேன்."

பழங்கள் சுருங்கத் தொடங்கிய பிறகு அவர் தீர்ப்புச் சொன்னார். "பிரபா, இதுக்கு விடையே கிடையாது. கேள்வியே தப்பு. எவனோ அரைகுறை போட்டிருக்கான். இன்னொரு தடவை எங்கேயாவது வந்தா, விடை கிடையாதுன்னு தைரியமா எழுது." அவளுக்குச் சொன்னாரே தவிர அவருக்கு அது ஆறவில்லை. இரவல் கண்ணால் எத்தனை நாள் பார்ப்பது, ஒரு தடவையாவது கேள்வியை நேராகப் பார்க்க வேண்டும் என்று என்னிடமே புலம்பினார்.

ஆடியில் ஒரு கம்பெனி, வருகிறவர் எல்லோரும் எழுதலாம் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது. கோரமங்களா பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் பரீட்சை. பிரபாவுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ருக்மிணி அம்மாள் துணைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். நானும் அதை நம்பி, நல்ல மனசு என்று சுப்ரமணியனிடம் சொன்னேன். அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

பரீட்சை நடந்த அன்று சாயங்காலம் ருக்மிணி அம்மாள் மதில் சுவர் அருகே என்னைக் கூப்பிட்டார். இருபது வயது குறைந்தவர் போல முகம்.

"சார், ஏழாவது கேள்வி என்ன தெரியுமோ? நம்ம எலுமிச்சம்பழம்! 'எடை குறைஞ்சது'ன்னு தெளிவாப் போட்டிருக்கான். குறைஞ்சதுன்னு! அதை இந்தப் பொண்ணு வழியிலே தொலைச்சுட்டு, வேறன்னு சொல்லிட்டா. மூணு ஒரு தட்டு, மூணு ஒரு தட்டு, ரெண்டு வெளியே. முடிஞ்சு போச்சு!"

"கேள்வித்தாளை நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்?"

"வெளியே மழை. கூட வந்தவாளைப் பின்வரிசையிலே உக்காரச் சொன்னான். பேப்பர் முன்னாலேர்ந்து கைமாறிக் கைமாறி வந்தது. என் கைக்கும் வந்தது. வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"எழுதினீர்களா?"

"எல்லாத்தையும்."

"எழுதியதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே."

"வாங்கிண்டு போனான், குடுத்துட்டேன்."

தாளின் தலைப்பில் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே கேட்டிருந்தார்களாம். மற்ற விவரம் எல்லாம் நேர்முகத்தில். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன், பெயர் எழுதினீர்களா என்று.

அவர் என்னை ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டது போலப் பார்த்தார். "பேர் போடாமலா? அப்புறம் அது யாரோட விடை? அனாதை விடையா?"

முடிவு வந்த அன்று நான் சுப்ரமணியனோடு அந்த ஹாலில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்து வாசலில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள். பார்த்துவிட்டு வந்த பிரபா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடு ஹாலில் வந்து நின்றாள்.

"நாப்பது பேர்த்த எடுத்திருக்காங்க. நான் வெயிட்டிங் லிஸ்ட்டுங்க. அதுல முதல் பேரு. ஒரே மார்க்குல போச்சு."

"அடடா" என்றார் சுப்ரமணியன்.

"நாப்பதுல முதல் பேரு உங்க பேருங்க ஆன்ட்டி."

நான் ருக்மிணி அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று இப்போதும் தோன்றுகிறது. அந்த முகம் மலர்ந்தது. "முதல்லயா?" என்றார். "அப்போ அந்தப் பதினோராவதும் சரிதான். எனக்கு அதுலதான் கொஞ்சம் சந்தேகம் இருந்தது."

பிரபா அழவில்லை. மெல்லிய குரலில், மரியாதை குறையாமல் பேசினாள். "ஏழாவது கேள்விக்கு நான் விடை கிடையாதுன்னு எழுதினேனுங்க. முதல் வரியப் பார்த்ததும் அதே கணக்குன்னு தெரிஞ்சுது. முழுசாப் படிக்கவே இல்லீங்க. நீங்க சொல்லியிருந்தீங்களே." பிறகு மாடிக்குப் போய்விட்டாள். பெட்டி தரையில் இழுபடும் சத்தம் மேலிருந்து கேட்டது.

"நீ அவளுக்குத் தப்பாச் சொன்னே," என்றார் சுப்ரமணியன். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை; அன்றும் உயரவில்லை. "அதோட விட்டியா? அவ உக்கார வேண்டிய நாற்காலியிலே நீ போய் உக்காந்துண்டிருக்கே. நாப்பதுலே உன் பேரை அடிச்சுட்டா அங்கே யாரு வருவா? இந்தக் கணக்கு உனக்குத் தோணலையா ருக்கு?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. எந்தப் புதிரையும் காபி ஆறுவதற்குள் அவிழ்த்துவிடும் அந்த அம்மாளுக்கு, நாற்பதில் ஒன்று போனால் அடுத்த பெயர் மேலே வரும் என்பது அந்த நிமிஷம் வரை தோன்றவே இல்லை. மலர்ந்த முகம் அப்படியே நின்றது. அதன் மேல் வேறொன்று மெல்லப் பரவியது.

நேர்முகத் தேர்வு நாளன்று காலையில் என்னிடம் வந்தார். "கூட வாங்கோ சார். தனியாப் போனா ஏதோ கிறுக்குன்னு துரத்திடுவான்." ஆட்டோவில் பிரபாவும் இருந்தாள். ஊருக்குப் போகக் கட்டிய பெட்டி வீட்டில் தயாராக இருந்தது. சாயங்காலம் அப்பா வருகிறார். சர்ட்டிபிகேட் பையை மட்டும் எடுத்துக்கொண்டு வா என்று சொல்லி ருக்மிணி அம்மாள் அவளை அழைத்து வந்திருந்தார்.

கம்பெனி வாசலில் பெயர்களைச் சரிபார்த்த இளைஞனின் சட்டையில் சஞ்சய் என்று அட்டை தொங்கியது. ருக்மிணி அம்மாள் பெயரைச் சொன்னதும் அவன் எழுந்தே விட்டான்.

"நீங்களா மேடம்? டாப் ஸ்கோர் நீங்கதான்! நாங்க யாரோ ஃபைனல் இயர் பொண்ணுன்னு நெனச்சோம். ஒந்து நிமிஷா, எங்க ஆளுங்க எல்லாரையும் கூப்பிடறேன், உங்கள பார்க்கணும் அவங்க."

"யாரையும் கூப்பிடாதேப்பா. என் பேரை அடிச்சுட்டு, வெயிட்டிங் லிஸ்ட்டிலே முதல் பேரைக் கூப்பிடு."

"அது அப்படிப் பண்ண முடியாது மேடம். நீங்க வரலேன்னா அந்த இடம் காலியா போயிடும், அவ்ளோதான். எலிஜிபிள் இல்லாதவங்க யாராவது லிஸ்ட்ல வந்திருந்தாதான் அடுத்த பேரு எடுப்போம்."

ருக்மிணி அம்மாள் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் பிரபா உட்கார்ந்திருந்தாள். இன்னும் பல பெண்களும் பையன்களும் இருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"அப்போ எழுதிக்கோ. எனக்கு வயசு அம்பத்தாறு. டிகிரி கிடையாது. பி.எஸ்.ஸி. முதல் வருஷத்தோட ஆத்துலே நிறுத்திட்டா. ரெண்டு பேப்பர்லே ஃபெயில்."

நான் அதிர்ந்து அவரைத் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் அவரைக் கணிதப் பட்டதாரி என்றே சொல்வோம். அவர் எதிரிலேயே பலமுறை சொல்லியிருக்கிறோம். அவர் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. சுப்ரமணியனுக்காவது இது தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

சஞ்சய் உள்ளே போனான். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்து பட்டியலில் ஒரு கோடு போட்டான். "பிரபா பழனிச்சாமி இருக்காங்களா?" என்று கேட்டான். பிரபா பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். எங்களைக் கடந்து போகும்போது அவள் பார்வை யார் மேலும் நிற்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

பிறகு சஞ்சய் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்து ருக்மிணி அம்மாள் பக்கம் நகர்த்தினான். கெட்ட எண்ணம் ஏதுமில்லாத சிரிப்பு. "மேடம், போன மாசம் எங்க ஹெட் ஆபீஸ்ல இருந்து வந்த பசில். இங்க ஒருத்தருக்கும் வரல. சும்மா, வெயிட் பண்ற நேரத்துக்கு ஒரு தடவை பாருங்களேன்."

தாள் அவர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. 'ஐந்து ஊர்கள், ஐந்து கிணறுகள்' என்ற பொருளில் தொடங்கும் முதல் வரியை நின்ற இடத்திலிருந்தே என்னால் படிக்க முடிந்தது. ருக்மிணி அம்மாளின் வலது கை மேஜையின் விளிம்புவரை போனது. விரல்கள் அங்கேயே நின்றன. பிறகு அந்தக் கை மேலே உயர்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது. அதைப் புடவைத் தலைப்பில் சுற்றி இறுக முடிந்துகொண்டு, பிரபா உள்ளே போன, சாத்தியிருந்த கதவின் பக்கம் அவர் திரும்பி உட்கார்ந்தார்.