இரண்டு சுற்றுக்கும் குட்டி வசனம்

வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டுத்தான் டைல்ஸ்காரர் ஜெபக்கூட்டத்துக்குள் நுழைவார். ஒன்பது ஜோடி கிடந்தால் தம்மோடு பத்துப் பேர். அன்றைய அதிகாரத்தில் இருபது வசனம் என்றால் ஆளுக்கு இரண்டு. எந்த இடத்தில் உட்கார்ந்தால் இரண்டு சுற்றிலும் குட்டி வசனம் விழும் என்று, தம் செருப்பைக் கழற்றுவதற்குள் கணக்குப் போட்டுவிடுவார். தொழில் பழக்கம். வெட்டி ஒட்டும் துண்டு டைல்ஸ் கண்ணில் படாத மூலைக்குப் போகும்படி, வாசலில் நின்றே தரையை அளந்து முடிவு செய்கிறவர் அல்லவா?

வேதம் வாசிக்கும் தாகம் சபையாருக்குக் குறைந்துவிட்டது என்று போதகர் வருத்தப்பட்டதால் ஆரம்பித்த கூட்டம் இது. வெள்ளிக்கிழமை மாலைகளில், நர்ஸம்மா வீட்டு முன்னறையில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்போம். தாகம் வளர்ந்த விதம் இதுதான்: தன் முறை வரும்வரை தன் வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, முடிந்ததும் அப்பாடா என்று சாய்ந்துகொள்வது. பக்கத்தில் இருப்பவர் என்ன வாசித்தார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நானும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான்.

ஆனால் டைல்ஸ்காரர் எங்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். ஜிப் வைத்த உறைக்குள் இருக்கும் அவருடைய வேதப்புத்தகத்தின் தாள்கள் வாங்கிய நாளில் ஒட்டியிருந்தபடியே இருக்கும்; வாயால் ஊதித்தான் பிரிப்பார். சாட்சி சொல்லக் கூப்பிட்டால் முதலில் எழுந்திருப்பவரும் அவரே. "வசனம்னா எனக்கு உசுரும்மா. சோறு இல்லாம இருந்துடுவேன், வசனம் இல்லாம இருக்க மாட்டேன்" என்பார். அந்த உயிர் ஒன்றரை வரியைத் தாண்டினால் அவருக்கு இருமல் வந்துவிடும்.

வேலையில் அவரைக் குறை சொல்ல முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்து, மட்டம் சரியா, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பார். எட்டு வருடங்களுக்கு முன், சொந்த அண்ணன் ஒட்டிய தரையிலும் வைத்தார், வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு. "எங்கண்ணன் கைக்கு இப்பல்லாம் நிதானம் இல்ல சார்." மீதி இரண்டு மாடி வேலையும் இவருக்கு வந்தது. குமிழி அன்று நடுவில்தான் நின்றது என்று டைல்ஸ்காரரின் மனைவியே ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அதிலிருந்து, அண்ணன் எதிரே வந்தால் இவர் அடுத்த சந்தில் திரும்பிவிடுவார். அந்த அண்ணன் மகனோடு இருக்க வேறு தேசத்துக்குப் போகப்போவதாகப் போன வாரம் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பயணம், இனித் திரும்புவதாக இல்லை.

"ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்று மனைவி தினமும் சொல்லிப் பார்த்தார்.

"போனா என்ன பண்ணுவாருன்னு யாருக்குத் தெரியும்? மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்திட்டார்னா?"

பயணத்துக்கு இரண்டு நாள் முன், வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வந்து, நர்ஸம்மாவுக்கு அடுத்த நாற்காலியைப் பிடித்தார். இரண்டாம் வசனம், பன்னிரண்டாம் வசனம், இரண்டும் குட்டி. அவருக்கு அந்தப் பக்கம் மனைவி. நர்ஸம்மா முதல் வசனத்தை முடிக்கும் நேரத்தில் ஆட்டோக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். "கொஞ்சம் நகருங்கண்ணே" என்று நர்ஸம்மாவுக்கும் அவருக்கும் இடையில் புகுந்து உட்கார்ந்து, டைல்ஸ்காரரின் வசனத்தைக் கூசாமல் வாசித்து முடித்தார்.

மூன்றாவது வசனம் இவர் தலையில் விழுந்தது, ஒத்திகை இல்லாமல். அன்றைய அதிகாரத்தில், அண்ணனை ஏமாற்றிவிட்டு ஓடிப்போன தம்பி பல வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். அண்ணன் நானூறு ஆட்களோடு எதிரே வருகிறான். தம்பி ஏழு தரம் தரைமட்டும் குனிந்து கும்பிட்டுக்கொண்டே கிட்டே போகிறான். வசனம் அங்கே முடிந்துவிடுகிறது. அண்ணன் என்ன செய்தான் என்பது அடுத்த வசனத்தில் இருக்கிறது. அது மனைவியின் பங்கு.

மனைவி தொண்டையைச் செருமிக்கொண்டார். டைல்ஸ்காரர் தலையைத் தூக்கவில்லை. அவரே தொடர்ந்து வாசித்தார். அண்ணன் ஓடிவருகிற இடத்தில் ஒன்றரை வரி தாண்டியது. இருமல் இல்லை. தம்பியைக் கட்டிக்கொண்டு, இருவரும் அழுகிற இடம் வரைக்கும் போனார்.

"அண்ணே, அது அண்ணி வாசிக்க வேண்டியது" என்றார் நர்ஸம்மா.

"கொஞ்சம் இருங்கம்மா."

மனைவி தன் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். டைல்ஸ்காரர், அண்ணன் ஓடிவந்த வரியின் தொடக்கத்துக்கு விரலைக் கொண்டுபோய் வைத்து, அதே வசனத்தை மறுபடியும், எழுத்துக் கூட்டுகிறவரைப் போல மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார்.